பத்து நிமிடம் ஓட விடவும்

கவென்ட்ரி, 11 ஜனவரி 1932
டாக்டர் விக்கமுக்கு நாங்கள் விற்ற கார் மறுபடியும் தொழிற்சாலைக்கே வந்து நிற்கிறது. ஒன்பதாயிரம் மைல்கூட ஓடவில்லை, அதற்குள் சிலிண்டர் தேய்ந்து எண்ணெயைக் குடிக்கிறது. "குழந்தை மாதிரி பாத்துக்கறேன்யா இந்தக் காரை!" என்று கத்தினார். நான் யாரிடம் கத்துவது? ஜெசப்பிடம்தான். எஞ்சினுக்கு இரும்பு வார்க்கும் எங்கள் பவுண்டரியின் போர்மேன். இரும்பை மெத்தென்று வார்த்துவிட்டு மீசையை முறுக்குகிறான். சோதனை அறிக்கையில் எழுதிவிட்டேன்: வார்ப்பில் குறை.

14 ஜனவரி
ஜெசப்பை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வருஷம். வாசலில் என்னை மறித்தான். "என் இரும்பை அறுத்துப் பாத்தியா? பாக்காமலே எழுதினியா?" திமிர்.

18 ஜனவரி
அறுத்துப் பார்த்தேன். நல்ல கெட்டி இரும்பு. சே!

20 ஜனவரி
டாக்டரின் எஞ்சினோடு அதே நாளில், அதே இரும்பில் வார்த்த இன்னொரு எஞ்சின். சோப்பு விற்கும் ஆளின் கார். நாற்பதாயிரம் மைல், உள்சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. "காலைல ஏறினா சாயங்காலம்தான் சார் இறங்குவேன்" என்றார். டாக்டரோ தெருவுக்குத் தெரு நிற்பவர். அவர் எஞ்சின் சூடாவதே இல்லை. அதுதானா?

2 பிப்ரவரி
பத்து நாளாக இரண்டு எஞ்சின்கள் ஓடின. ஒன்றைச் சுற்றி வெந்நீர், மற்றதைச் சுற்றிக் குழாய்த் தண்ணீர். எண்ணெய் ஒன்றே, தூசி துளியும் இல்லை. சூடானது தேயவே இல்லை. குளிர்ந்ததில் துரு! பெட்ரோல் எரிந்த நீராவி குளிர்ந்த சுவரில் வியர்த்து, அமிலமாகி இரும்பை அரிக்கிறது. பிஸ்டன் அதைச் சுரண்டுகிறது. தேய்மானத்துக்குக் காரணம் தூசி, தூசி என்று எத்தனை வருஷம் கத்தினோம்!

தலைமைப் பொறியாளர் லாவெல் முதுகில் தட்டினார். "பிரமாதம், டான்ஸ்லி. ஜெசப் விஷயத்தை மட்டும் கிளறாதே." கிளறாதேயாம்!

4 பிப்ரவரி
டாக்டரிடம் எரிந்து விழுந்தேன். "காலைல குளிர்ல நிக்க வச்சு எஞ்சினை ஓட விடறீங்களாமே? ஓட்டிட்டுப் போனாத்தான் சீக்கிரம் சூடேறும்! யார் சொல்லிக் குடுத்தது?" அவர் பையிலிருந்து எங்கள் கையேட்டை எடுத்து ஒன்பதாம் பக்கத்தை நீட்டினார். 'தினமும் காலையில் பத்து நிமிடம் மெதுவாக ஓட விடவும்.'

நான் எழுதியது. சோதித்தேனா? இல்லை. எல்லோரும் சொன்னார்கள், எழுதினேன். மடையன். ஒரு மனுஷனோட சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடா.

5 பிப்ரவரி
ஜெசப் வீட்டுக்குப் போனேன். புதிய சோதனை அறிக்கையைப் படித்தார், ஒன்பதாம் பக்கத்தையும் படித்தார். "எங்கிட்ட எதுக்குக் காட்டறே? பவுண்டரியில காட்டு."

8 பிப்ரவரி
உறைபனி. ஜெசப்பைக் காரில் கூட்டிப்போனேன். பவுண்டரியில் நாற்பது பேர் முன்னால் அறிக்கை, ஒன்பதாம் பக்கம் இரண்டையும் உரக்கப் படித்தேன். "ஒன்பதாம் பக்கத்தை எழுதின புண்ணியவான் யாருப்பா?" என்றது ஒரு குரல். "நான்தான்."

ஜெசப்பை மறுபடி வேலைக்கு எடுக்காமல் வார்க்கமாட்டோம் என்று கைகட்டி நின்றார்கள். லாவெல் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைச் சேர்த்துக்கொண்டார். நான் மதியத்துக்குள் மேசையைக் காலி செய்ய வேண்டுமாம்.

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெசப்பே கார்வரை வந்தார். மன்னிச்சேன் என்றெல்லாம் சொல்லவில்லை. எஞ்சினைக் கிளப்பிவிட்டு அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இப்பவும் நிக்க வச்சு ஓட விடறியே" என்றார். "கெளம்புய்யா."