முதுகுக்குக் கீழே ஒரு குழி

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன். நேற்று ஆபரேஷன். பிட்டம் பிரிகிற இடத்தில் முடி உள்ளே இறங்கி, சீழ் கட்டியிருந்ததாம். ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் எட்டு மணி நேரம், கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போக வர மூன்று. வராமல் என்ன செய்யும்.

டாக்டர் தட்டில் காட்டினார். சீழோடு ஒரு கொத்து முடி. குளியலறை ஓட்டையில் அடைத்துக்கொள்ளுமே, அதே. "உன் முடிதான், பாத்துக்கோ." சோறு இறங்கவில்லை.

தையல் கிடையாது. குழியைத் திறந்தே விட்டு உள்ளே துணி திணித்திருக்கிறார்கள். அடியிலிருந்து ஆறி வரணும். தினம் கட்டு மாற்றணும். உங்க ஒய்ஃபுக்குச் சொல்லித் தரட்டுமா என்றாள் நர்ஸ். வேண்டாம் என்றேன். ஸ்டெல்லா பார்க்கிற இடமா அது?

11, வியாழன்

கட்டு மாற்ற ஆட்டோ. சீட்டில் முழங்கால் போட்டு, பின்பக்கம் பார்த்தபடி. மணவாள நகரே வேடிக்கை பார்த்தது. சீ.

கம்பெனியில் மூலம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூலம் என்றால் மேலே கேட்கமாட்டார்கள். ஆனால் வைத்தியம் சொல்வார்கள். என் ஷிப்ட் பாபு வந்தான், பை நிறைய துத்தி இலையோடு.

"ண்ணா, வெளக்கெண்ணெயில வதக்கி வெச்சிக் கட்டு. எங்க மாமாவுக்கு மூணே நாள்ல சுருங்கிச்சி. டாக்டரு கையில இன்னாத்துக்கு பேஜார் பட்டுக்கினு கீற?"

என் நாற்றம் எனக்கே தெரிகிறது. ஃபேனை என் பக்கம் திருப்பவில்லை. திருப்பினால் நாற்றம் ஸ்டெல்லா பக்கம் போகும்.

13, சனி

மூலத்துக்கான இலைதான், ஆனால் ஆட்டோவில் மறுபடி மண்டியிடாமல் ஆறினால் போதும். ஸ்டெல்லா டூட்டிக்குப் போனதும் கதவைத் தாழிட்டு வதக்கினேன். துணியை உருவினேன். கண்ணுக்கு எட்டாத இடம், தடவித்தான் வைக்கணும். விரல் உள்ளே போய்விட்டது. வாந்தி.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாளாகப் போகவில்லை. போனேன் என்று ஸ்டெல்லாவிடம் பொய்.

15, திங்கள்

காய்ச்சல், நடுக்கம். ஸ்டெல்லாதான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் இடுக்கியால் இலையைத் துண்டு துண்டாக எடுத்தார். பச்சை, மஞ்சள், நூல் நூலாக.

"மூலத்துக்கு வெக்கிறத இதுல வெச்சிருக்கியேப்பா!"

ஆறினதெல்லாம் வீண். மறுபடி சுரண்டல், முதலிலிருந்து. வீட்டில் கட்டு போட ஆள் இருந்தால்தான் அனுப்புவாராம். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்கவில்லை. நர்ஸிடம் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

18, வியாழன்

தூறல். சலைன் ஊற்றிக் கழுவுகிறாள், துணி திணிக்கிறாள், சுற்றிலும் முடி மழிக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன். உடம்பா இது, சாக்கடை.

கேட்டேவிட்டேன். "உனக்குக் கொமட்டலியா?"

"உங்க நைனா எட்டு மாசம் இதே கட்டில்ல கெடந்தாரே, முதுவெல்லாம் புண்ணு. யாரு கழுவுனா? அதுக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆடாத படு."

அந்த எட்டு மாதமும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினவன் நான். இரண்டாம் ஷிப்டைக் கேட்டு வாங்கினவன். எப்போதாவது உள்ளே போனால் அப்பா சுவர்ப் பக்கமே திரும்பிக் கிடப்பார். என்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்.

வெட்கப்பட்டிருக்கிறார்.