தீர்ந்துபோன சொல்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். போன வருடம் எவனோ என் குரலில் பேசி, நம் கிடங்கிலிருந்து ஒரு லாரிச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனானே, அப்போது சட்டம் போட்டவள் நீதான்: "குரலை நம்பாதீங்கப்பா, நாம பேசிவச்ச சொல்லைக் கேளுங்க. ஒரு சொல் ஒரு தடவைதான். அடுத்ததை நேர்ல பார்க்கும்போதுதான் மாத்திக்கணும்."

நேற்று, "பெரியாஸ்பத்திரியில இருக்கேன், வாங்கப்பா" என்றாய். சொல்லைக் கேட்டேன். முன்பே ஒருமுறை போனில் சொல்லித் தீர்ந்துபோன சொல்லைச் சொன்னாய். ஒட்டுக்கேட்டவனுக்கும் அது தெரிந்திருக்குமே என்று வைத்துவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அதற்குப் பின் நாம் பார்த்துக்கொள்ளவும் இல்லை. புதுச் சொல்லுக்கு நீ எங்கே போவாய்?

இப்போது உன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். நர்ஸம்மா, "அப்பான்னு யார் வேணா சொல்லலாம் சார், அவங்க சொன்னாத்தான் விடுவேன்" என்கிறார். நியாயம்தான். வாதாட எனக்குத் தெம்பில்லை. இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

என் பேரம் இதுதான். என்னை உள்ளே விடச் சொல். புதுச் சொல்லை நீயே வை, மாப்பிள்ளைக்கும் சொல்லிவிடு. இனி அது மூன்று பேருக்கும் பொது.

பெஞ்சிலிருந்து,
அப்பா