சிறகோசையைத் துடைத்தவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். நீயும் உன் மனைவி மக்களும் நலமென நம்புகிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது; எனக்குக் கோபம் குறையவில்லை. கோபத்தில் என் கையெழுத்து கெடும் என்பதால் மூன்று நாள் பொறுத்து எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். தெரியாது என்று பின்னால் நீ சொல்வதற்கு இடமிருக்கக் கூடாது. கல்குவாரிப் பாதைக்காக வெட்டப்போகும் அந்தப் பெரிய மரத்தின் பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சிப் பறவை இருக்கிறது. உள்ளே புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டிருக்கிறது. ஆண் கொண்டுவரும் பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் உயிர். கூட்டை நெருங்கும்போது அந்த ஆண் வாய் திறப்பதில்லை. அதன் வருகையைச் சொல்வது சிறகு மட்டுமே. தொலைவில் யாரோ கனத்த கம்பளியை உதறுவதுபோல் தொடங்கும். தலைக்கு மேலே வரும்போது நீராவி எஞ்சின் மூச்சு வாங்குவதுபோல் ஆகிவிடும். இருபத்தாறு ஆண்டுகளாக விலங்கியல் கற்பிக்கிறேன். அதைக் கேட்டால் இன்றும் குறிப்பெடுக்கும் கை நின்றுவிடுகிறது.

அதைத்தான் பதிவு செய்து, நகலெடுத்துத் தரும்படி உன் ஒலிப்பதிவு ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். நீ சுத்தம் செய்து அனுப்பினாய். "ஒரே காத்து இரைச்சல்ணா, மொத்தமா துடைச்சிட்டேன். இப்ப பூச்சிச் சத்தம் கண்ணாடி மாதிரி கேக்கும்" என்று பெருமையாகச் சொன்னாய். நீ காற்றென்று துடைத்ததுதான், தம்பி, பறவை. போட்டுக் கேட்காமலே உறையிலிட்டு, மரத்தில் கூடு இருப்பதற்குச் சான்றாக, குவாரிப் பாதை பற்றி விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்தவன் நான். அந்தத் தவறை உன் தலையில் கட்டமாட்டேன்.

அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டு, "பூச்சிதான சார் கத்துது? உங்க பறவை லீவுல போயிருக்கோ?" என்றார். அறையே சிரித்தது. அசலைக் கொண்டுபோனேன். "இதுல நீங்களே எதையாவது சேர்க்கலைன்னு என்ன நிச்சயம்?" என்றார். நேரில் போய்க் காட்டவும் வழியில்லை. குவாரிக்காரர்கள் மரத்தைச் சுற்றி வேலி போட்டுக் காவலும் வைத்துவிட்டார்கள். ஆகவே, துடைத்தவனின் வாக்குமூலம் ஒன்றுதான் மிச்சம்.

அதை உன்னிடம் கேட்டபோது, "விட்டுடுங்கண்ணா. பதிவைக் கெடுத்தவன்னு பேர் வந்தா என் ஸ்டுடியோவுக்கு எவன் வருவான்?" என்றாய். குவாரியின் விளம்பரப் படத்துக்கு இப்போது நீதான் ஒலி சேர்க்கிறாய் என்பது உன் மனைவி உளறித்தான் தெரிந்தது. இனிமைக்காகக் கொஞ்சம் பறவைச் சத்தமும் கேட்டிருக்கிறார்களாம். எந்தப் பறவையைச் சேர்ப்பதாக உத்தேசம்?

முன்பு நீ செய்தது தவறு. அறியாமல் செய்தாய், அதற்கு மன்னிப்பும் வேண்டியதில்லை. இப்போது செய்வதற்கு வேறு பெயர் உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். "ரிட்டயர்மென்டுக்கு நாலு வருஷம்தான் இருக்கு, அடக்கி வாசிங்க சார்" என்று எங்கள் கல்லூரி முதல்வர் அறிவுரை சொன்னார். அடக்கி வாசிக்கும் வாத்தியம் நானில்லை என்றேன். அசலைப் போடுவேன். சிரித்தால் மறுபடியும் போடுவேன். மைக்கைப் பிடுங்கினால் தொண்டையிருக்கிறது. துடைத்தது யாரென்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். என் தம்பி என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நீ வந்து உன் வாயாலேயே சொன்னால் எனக்கு அந்த வேலையிருக்காது. புதன் காலை ரயிலைப் பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். உன் அண்ணி மாடியறையைப் பெருக்கி, தலையணை உறைகூட மாற்றிவிட்டாள். அவன் வரமாட்டான் என்று சொன்னேன். "நீங்க சும்மா இருங்க, வருவான்" என்கிறாள். முப்பது வருடத்தில் அவளிடம் நான் தோற்க விரும்பும் வாதம் இது ஒன்றுதான்.

உன் காதுகள் என்றும் கூர்மையாக இருக்க வாழ்த்தும்,
உன் அண்ணன்.