காரிக்கல்பட்டியில் நாலு மணிச் சங்கு

ஆனையூர், மதுரை
பிப்ரவரி 24, திங்கள் காலை

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். முதலில் புதிய செய்தி. பத்தொன்பது நாட்களாக உன் பெயரை வாயில் எடுக்காத உன் அம்மா, நேற்று ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி எட்டு நிமிடத்துக்கு "ஆர்த்திகா" என்று சொன்னாள். சொன்ன இடம் கொட்டாம்பட்டியிலிருந்து கிழக்கே உள்ளே தள்ளியிருக்கும் காரிக்கல்பட்டி. பக்கத்தில் நின்று நானே காதால் கேட்டேன், ஆகவே உறுதியான செய்தி என்றே வைத்துக்கொள். பெயரோடு சேர்த்து என்ன சொன்னாள் என்பதை அது வரவேண்டிய இடத்தில் எழுதுகிறேன், பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடாதே. நேற்று நீ நாலு முறை கூப்பிட்டிருந்தாய். அந்த ஊரில் டவர் கிடையாது. மதுரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், நானும் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம். பக்கங்களைப் படம் எடுத்து இன்றே அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும்.

சுரங்கப் படிப்பு படித்துவிட்டு மேலே ஆபீஸில் இருந்த உனக்குச் சுரங்கத்துக்குள் வேலை கிடைத்திருக்கிறது, மார்ச் 10 முதல் கீழே இறங்க வேண்டும் என்று பிப்ரவரி 4ஆம் தேதி நீ சொன்னதும் அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனாளே, அதன் காரணம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உன் தாத்தா மொக்கைச்சாமி கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து இறந்தார் என்பது மட்டும்தானே உனக்குச் சொன்னது. மீதியை நான் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் கேட்டறிந்தேன். அன்று கிணற்றுக்குள் இறங்கியவர்கள் ஆறு பேர். சாயங்காலம் ஒரு பக்கம் சரிந்ததும் அலறிக்கொண்டு மேலே ஏறினார்கள். உடம்பெல்லாம் சேறு, முகம் தெரியவில்லை. காண்ட்ராக்டர் எண்ணிப் பார்த்தார், ஆறு இருந்தது, கலைந்து போகச் சொல்லிவிட்டார். மேலே நின்று மண் கூடையை இழுக்கிறவரையும் சேர்த்து எண்ணிவிட்டார் என்பதும், தாத்தா கீழேயே கிடக்கிறார் என்பதும் மறுநாள் விடிந்த பிறகுதான் தெரிந்தது. தாத்தா அவர் மாமியார் ஊருக்குப் போயிருப்பார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அப்போது எட்டு வயதான உன் அம்மா அன்று இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். அவளை இன்றுவரை அரிப்பது மண் சரிந்தது கூட இல்லை, அந்தச் சாப்பாடுதான்.

இதெல்லாம் தெரிந்தும் நான் உன்னிடம் "உன் இஷ்டம்மா" என்று சொல்லி நழுவிக்கொண்டேன். அது தப்பு. அதைச் சரிசெய்ய நினைத்துத்தான் சும்மா ஒரு நாள் போய்விட்டு வரலாம் என்று அம்மாவைக் கிளப்பினேன். காரிக்கல்பட்டியில் பென்சிலுக்குள் போடும் கரியைத் தோண்டி எடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய சுரங்கம், மூடி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. வாயைக் கம்பி போட்டு அடைத்து, சுற்றிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைக் காட்டினால் அவள் பயம் தெளியும் என்பது என் திட்டம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே, "எதுக்குக் கூட்டிட்டுப் போறீகன்னு எனக்குத் தெரியும். புளியோதரை கட்டியிருக்கேன், அதுக்காக வாரேன்" என்று சொல்லிவிட்டாள். மேலூர் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஊரை நீ பார்க்க வேண்டும். கொட்டாம்பட்டியில் மினி பஸ் மாறி இறங்கினால் தரையே மினுங்குகிறது. ஐம்பது அறுபது வருடம் கொட்டிய கரித்தூள் மண்ணோடு கலந்து, வெயில் படும்போது தெரு முழுக்க வெள்ளி பூசியது போல இருக்கிறது. ஆடுகள் படுத்து எழுந்தால் முட்டியெல்லாம் வெள்ளி. நடந்தால் காலடிச் சத்தம் கேட்பதில்லை, வழுவழுவென்று ஏதோ தண்ணீருக்கு மேல் நடப்பது போல. எதிரே வருகிறவர்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் கடந்து போனார்கள். எனக்கு நேரம் என்ன என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. உன் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், ஏன் என்று நான் கேட்கவில்லை.

என் திட்டம் சுரங்க வாயிலேயே கவிழ்ந்தது. கம்பி, பூச்செடி எல்லாம் நான் சொன்னபடி இருந்தன. அம்மா முப்பதடி தள்ளி ஒரு வேம்பின் கீழே அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து ஈரக் காற்று வந்துகொண்டிருந்தது, மாசி வெயிலில் அது சுகமாகத்தான் இருந்தது, "வந்து பாரேன், ஏசி மாதிரி இருக்கு" என்றேன். "நீங்க நல்லா காத்து வாங்குங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. புளியோதரையைச் சாப்பிட்டு முடித்து டீக்கடைக்குப் போனோம்.

அங்கே பெஞ்சில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார், பெயர் வெள்ளைத்துரை, சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். டீ போடுகிறவர் எங்களைப் பார்த்ததும், "வெளியூரா அண்ணே? இந்தா இருக்காருல்ல, இவரு ஒருத்தரு தூங்குனதுக்கு இந்த ஊரே முழிச்சுக் கெடந்துச்சு, கேளுங்க" என்று எடுத்துக் கொடுத்தார். "அட போடா, ஒங்கப்பன் என்னையத் தோண்டும்போது அழுதான், அதச் சொல்லு" என்றார் பெரியவர். அவர் சொன்னதைக் கேட்டபடியே எழுதுகிறேன். சுரங்கத்துக்கு இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்ட பித்தளை வில்லை உண்டு. இறங்கும்போது பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஏறியதும் மாட்டிவிட வேண்டும். டைம் கீப்பர் நல்லகாமன் என்பவர் பலகையில் எல்லா வில்லையும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்த பிறகே நாலு மணிச் சங்கை ஊதுவார். நம் மதுரை மில்லில் ஊதுவது போன்ற சங்குதான். ஊதினால் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று வீடுகளில் தெரிந்துகொள்வார்கள். வெள்ளைத்துரைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள், பழைய கிளை வழி ஒன்றுக்குள் போய்க் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறார். முழித்துப் பார்த்தால் கல் விழுந்து வழி அடைத்துக் கிடக்கிறது.

அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள கெடந்தப்ப என்னய்யா நெனச்சீக?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல அம்புட்டுப் பயந்தேம்மா. அழுதேன். அப்பறம் பாத்தா, காத்துக்குழி வழியா நாலு மணிச் சங்கு கேக்கணும், கேக்கல. எம்புட்டு நேரமாகியும் கேக்கல. அட, நல்லகாமண்ணே இன்னும் ஊதலடா, அப்ப நம்ம வில்லை இல்லைன்னு பாத்துட்டாருடான்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல எதுக்குப் பயம்? திரும்பப் படுத்துட்டேன்" என்றார். மேலே மேனேஜர் ஊதச் சொல்லிக் கத்தியிருக்கிறார், நல்லகாமன் சங்கு அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றிருக்கிறார். சங்குச் சத்தம் வராததால் பெண்கள் எல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் கல்லை அகற்றி உள்ளே போனால் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும், "அந்த மனுசன் பேரு என்ன சொன்னீக?" என்று மறுபடி கேட்டாள். நல்லகாமன் என்றார். அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நல்லகாமன் உட்கார்ந்திருந்த டைம் ஆபீஸ் இப்போது நூலகம். பலகை அப்படியே இருக்கிறது, நூற்று நாற்பத்தாறு வில்லைகள், கைபட்டுக் கைபட்டு எண்களே மங்கிவிட்டன. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பாண்டீஸ்வரி என்ற பெண்தான் பஞ்சாயத்துக்காக இன்றும் நாலு மணிக்குச் சங்கு ஊதுகிறாள், இப்போது கரண்டு சங்கு, சுவிட்சைத் தட்டினால் போதும். ஆனால் தட்டுவதற்கு முன்னால் வில்லைகளை எண்ணுகிறாள். உள்ளே யாருமே இல்லையே, எதற்கு என்று கேட்டேன். "ஒரு நாளு எண்ணாம ஊதிட்டேன் சார். சன்னல் வழியா ஒரு அக்கா பாத்துட்டு, ஊரையே கூட்டிட்டு சண்டைக்கு வந்துருச்சு" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க வேணா எண்ணுங்கக்கா இன்னிக்கு" என்றாள். மணி மூன்று ஐம்பத்தைந்து.

உன் அம்மா ஒவ்வொரு வில்லையாகத் தொட்டு எண்ணினாள். நூற்று நாற்பத்தாறு வந்தது. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. வெளியே தெரு, வெள்ளி வெயில், ஒரு சத்தமும் இல்லை, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அப்போது டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல், "என்னக்கா பாண்டீசு, இன்னிக்கு எவன் தூங்கிட்டான்?" உடனே பெரியவர் குரல், "நான் இங்கதான்டா இருக்கேன், ஊதச் சொல்லு!" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலும் தண்ணீர். கடைசி வில்லையைத் தொட்டுவிட்டு, ஊது என்று தலையசைத்தாள். சங்கு ஊதியபோது மணி நாலு ஏழு. அது அடங்கியதும் என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஆர்த்திகாகிட்டக் கேளுங்க. அவ கீழ எறங்குனா மேல நின்னு எண்ணுறது யாருன்னு. கம்ப்யூட்டரு பாத்துக்கும்னு சொன்னா ஆகாது. ஒரு ஆளு பேரு வேணும்."

திரும்பும் பஸ்ஸில், அப்படியானால் சரி என்று பிள்ளைக்கு எழுதிவிடவா என்றேன். "நான் அப்படியா சொன்னேன்? பேப்பர்ல நியூஸ் எழுதுன புத்தி, சொல்லாததையும் சேத்துப் போட்டுருவீக" என்று ஒரு வாங்கு வாங்கிவிட்டு, ஒத்தக்கடை வருவதற்குள் என் தோளில் தூங்கிவிட்டாள். ஆகவே அவள் சம்மதித்தாள் என்று நான் எழுதவில்லை. சம்மதிக்கவில்லை என்றும் எழுதமாட்டேன். என்னைக் கேட்டால், நீ இறங்கு தாயி. நீ படித்தது அதற்குத்தான். இது உன் இஷ்டம் என்பதால் சொல்லவில்லை, என் இஷ்டமும் அதுதான். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் பீமாராவ் அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறான், மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். நீ இருக்கும் அந்தச் செம்மண் ஊரில் வெயில் கடுமை என்கிறாய், தண்ணீர் நிறையக் குடி, இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. எந்த வேலையிலும் உன் கை தெளிவாகவும் கண் விழிப்பாகவும் இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் உன்னோடு நிற்க வேண்டும், நீ நிறைவாக வாழ வேண்டும். இதுவரை எழுதியதை அம்மா படித்துப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள். மூன்று முறை இல்லையாம், நான்கு முறை எண்ணினாளாம். திருத்தி வாசித்துக்கொள்.

நிலுவையில் இருப்பது ஒரு பெயர் மட்டும். அங்கே விசாரித்து, அந்த ஆளை நேரில் பார்த்துப் பேசி, பிறகு சொல். வரும் ஞாயிறு, மார்ச் 2, வழக்கம்போலக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடு. இந்த முறை போனை எடுப்பது அம்மா.

உன் அன்பு அப்பா,
ராஜபாண்டி