மரகதம் என்ற பெயரைப் பற்றி விசாரித்து எழுதியது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மற்றபடி எப்படி இருக்கிறோம் என்பது கீழே போகப் போகத் தெரியும். நீயும் உன் வயிற்றில் இருப்பவளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம். கடிதம் நீளமாகப் போகும் என்று பயமாக இருப்பதால், என்ன எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். அலுப்பாக இருந்தால் எது வேண்டுமோ அதை மட்டும் படித்துக்கொள்.

1. மரகதம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது.
2. அந்தப் பெயரோடு நல்லபடியாக வாழ்ந்தவர்கள் யார் யார்.
3. உன் அம்மா இந்தப் பெயருக்கு ஏன் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.
4. உன் அத்தை காதுக்கு இது போகாமல் நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தைக்கு மரகதம் என்று பெயர் வைக்க ஆசை, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நான் போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு வசனம் எடுத்துக் கொடுக்கிறாள், நான் இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் போனே அவள் கைக்குப் போய்விடுகிறது, பிறகு நான் பேச நினைத்ததை அவளே பேசி முடித்து எனக்கும் சேர்த்து விடைபெற்றுக்கொள்கிறாள். எழுத்தில் அந்த வசதி அவளுக்கு இல்லை. தவிர, டெலிபோன் டைரக்டரி பிரிவில் ஊர்ப்பட்ட பெயர்களை அகர வரிசையில் அடுக்கியே ஓய்வு பெற்றவன் நான், பெயர் என்றால் அப்பாவைத்தான் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பெயர்களை அடுக்கத் தெரிந்தவனுக்கு அவற்றின் பொருளும் தெரியும் என்று நீ நினைத்துவிட்டாய். செருப்புக் கடையில் வேலை பார்த்தவனை ஓடச் சொன்ன மாதிரிதான் இது, இருந்தாலும் ஓடினேன்.

முதலாவது. மரகதம் என்றால் பச்சைக் கல். அகராதி இது வடமொழி வழியாக நமக்கு வந்தது என்கிறது. வடமொழிக்கு யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் கிரேக்கத்தில் கிட்டத்தட்ட இதே ஓசையில் ஒரு சொல் இருக்கிறது, அதற்கும் முன்னால் மேற்கே ஏதோ ஒரு மொழியில் மின்னுவது என்ற பொருளில் ஒரு வேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இருந்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்னது, நான் அதைக்கூட அடித்துச் சொல்ல மாட்டேன். நீ இருக்கும் ஊரில் இந்தக் கல்லுக்கு வழங்கும் பெயரும் அந்த வழியில் வந்ததுதானாம். ஆக, வியாபாரிகளின் மூட்டையில் கடல் கடந்து, கை மாறி மாறி, பல மொழிகளில் தங்கி, கடைசியில் உன் அத்தை உருவில் நம் வீட்டு மாடியில் வந்து குடியேறியிருக்கிறது இந்தப் பெயர். இவ்வளவு தூரம் வந்தது இன்னும் இரண்டு தெரு தள்ளிப் போய் இறங்கியிருக்கக் கூடாதா என்பது உன் அம்மாவின் கேள்வி. அதற்கு அகராதியில் பதில் இல்லை.

இரண்டாவது. புகழ்பெற்ற மரகதங்கள் யார் என்று நூலகத்தில் கேட்டேன். நூலகர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, “சார், கல்லைப் பத்தியா, பொம்பளைங்களைப் பத்தியா?” என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கல்லைப் பற்றி என்று சொல்லி ஒரு தடிமனான புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் மனதில் ஏறாமல் புரட்டிவிட்டு வந்துவிட்டேன். பிறகுதான் நேரில் போய் விசாரிப்பது என்று முடிவு செய்தேன், அது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கிடைத்த மரகதம் நீ பிறந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஹெட் சிஸ்டராக இருந்தவர். பெரிய டாக்டர்களே அவர் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள், என்னைப் பிரசவ வார்டிலிருந்து சுட்டு விரலாலேயே வெளியே அனுப்பியவர். இப்போது மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பெயரால் உங்களுக்கு ஏதாவது நன்மை உண்டா என்று கேட்டேன். “பேரு என்ன சார் பண்ணும்? வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து சிஸ்டர் சிஸ்டர்னே காலம் போயிடுச்சு. யாரும் அந்தப் பேரைத் தொட்டதே இல்ல. வாங்கின மாதிரியே புதுசா இருக்கு, வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். நல்ல மனுஷி.

அடுத்தவர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர், பலகையிலேயே அவர் பெயர்தான் இருக்கிறது. உள்ளே போய் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசிப்பதற்குள் அவர் டேப்பை எடுத்து என் தோளை அளந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போது வாய் வந்தது, சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டே கேட்டேன். “யாருக்கு சார் பேரு வைக்கப் போறீங்க?” என்றார். தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைக்கு என்றேன். “தெரிஞ்சவங்கன்னா, உங்க பொண்ணுதானே?” என்றார். அந்த நேரம் பார்த்து டேப் என் கழுத்தைச் சுற்றி இருந்தது. கழுத்தில் டேப் இருக்கும்போது பொய் சொல்ல யாரால் முடியும், தலையாட்டிவிட்டேன். சட்டை வந்துவிட்டது. இன்னொருவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவு தாராளமாகத் தைத்திருக்கிறார்.

மூன்றாவது மரகதம் உன் அத்தை. எழுதும்போதே ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றாலும், மாடியிலிருந்து இறங்கி நம் வீட்டுக்குள் நுழையும்போது இன்றும் எனக்குச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. அத்தைக்காக இந்தப் பெயரை வைக்கவில்லை, ஓசை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நீ மூன்று தடவை சொன்னாய். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். பரீட்சை முடிந்த ஒவ்வொரு விடுமுறையிலும் அத்தையோடு ரயிலேறிப் போய் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, வந்ததும் அம்மாவிடம் எதுவும் நன்றாக இல்லை என்று சாதித்தவள்தானே நீ.

இனி உன் அம்மா. நீ போனில் பெயரைச் சொன்னதும் அவள் தானாகவே போனை என்னிடம் கொடுத்தாளே, எனக்கு அப்போதே சந்தேகம். போனை வைத்த பிறகு, “இந்த வீட்டுக்கு ஒரு மரகதம் போதாதா? வெளிநாட்டுக்கும் ஏத்துமதி பண்ணணுமா?” என்று ஆரம்பித்தாள். “குழந்தையைக் கொஞ்சணும்னா அந்தப் பேரைச் சொல்லணும். அந்தப் பேரைச் சொன்னாலே எனக்கு முதுகு தானா நிமிருது. விறைச்சுக்கிட்டு உக்காந்து யாராவது கொஞ்சுவாங்களா?” என்றாள். கல்யாணமாகி வந்த வாரம் அவள் ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியதும், அதைப் பார்த்து உன் அத்தை, “நல்லா இருக்கு. தலைகீழா மாட்டியிருக்கே, ஆனா நல்லா இருக்கு” என்று சொன்னதும் உனக்கு மனப்பாடம். திரைகள் எத்தனையோ மாறிவிட்டன, ஒவ்வொன்றும் தலைகீழாகத்தான் தொங்குகிறது, கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

கடைசியில் அவள் சொன்னது இதுதான். அந்தப் பெயர்தான் என்றால் பிரசவத்துக்கு அவள் வரமாட்டாளாம். விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மாப்பிள்ளை கப்பலில் இருந்து இறங்க இன்னும் நாள் இருக்கிறது, நீ அங்கே தனியாக இருக்கிறாய், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள். என்னை அனுப்பலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “நீங்க போய் என்ன பண்ணுவீங்க, குழந்தையை அகர வரிசையில அடுக்கி வைப்பீங்களா?” என்றாள். நியாயமான கேள்வி. இன்னொரு யோசனையும் சொன்னேன், குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தால் உன் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக, மரகதம், வாடி இங்கே என்று கூப்பிடலாம், யாரும் கேட்க முடியாது என்றேன். “உங்களுக்கு இப்படியெல்லாம்கூட யோசிக்க வருமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அது பாராட்டா என்று தெரியவில்லை, வழக்கமாக இல்லை.

ஆகவே வேறு பெயர் பார் என்று எழுதி முடிக்க வேண்டிய இடம் இது. பெயர் இன்னொன்று கிடைக்கும், பிரசவ நேரத்தில் பக்கத்தில் நிற்க அம்மா இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். இந்த இடத்தில் கடிதத்தை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு, மேலே எழுதிய நான்காவதைக் கவனிக்க எழுந்தேன், அதாவது அத்தை காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்குள் அத்தையே வந்துவிட்டாள்.

தையல்காரம்மாவிடம்தான் உன் அத்தையும் துணி கொடுக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரே பெயர் என்பதால் இருவரும் ரொம்ப நாள் சிநேகிதமாம். பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியவனுக்கு, அந்தப் பெயர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்பது தோன்றவில்லை பார். உன் அத்தை உட்காரவில்லை. உன் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை என்னிடம், “தம்பி, உன் பொண்ணு என் பேரை வைக்கப் போறாளாமே” என்றாள். இல்லை அக்கா, அது வந்து, ஓசைக்காக என்று நான் இழுத்தேன். “வேண்டாம்னு எழுது” என்றாள் அத்தை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என்னைப் பார்த்தே பேசினாள், ஆனால் பேச்சு எனக்கில்லை. “என் பேரைக் கேட்டாலே இந்த வீட்டுல ஒருத்திக்கு முகம் சுருங்கும். எனக்கு அது பழகிப்போச்சு. பொறக்கற குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு, அதைத் தூக்கறப்ப எல்லாம் பாட்டி முகம் சுருங்கணுமா? அவ போகமாட்டேன்னது மாடி வரைக்கும் கேட்டுச்சு, பிரசவத்துக்குப் போகட்டும். பேரு ஆயிரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் திரையை ஒரு பார்வை பார்த்து, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மாடி ஏறிவிட்டாள்.

உன் அம்மா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள், அதையும் பிரித்தாள். நான் பேசாமல் இருப்பது நல்லது என்று பேசாமல் இருந்தேன், எனக்கு நன்றாக வரும் காரியம் அது ஒன்றுதான். கடைசியில், “இவங்க யாருங்க, எம் பேத்திக்கு இந்தப் பேரு வேண்டாம்னு சொல்றதுக்கு?” என்றாள். குரல் கோபக் குரல்தான், ஆனால் கண் அப்படி இல்லை. “எல்லாத்தையும் இவங்களே முடிவு பண்ணணும். என் முகம் சுருங்குதாம். இவங்க வந்து அளந்து பாத்தாங்களாக்கும்” என்று சொல்லிக்கொண்டே பரண் மேல் இருந்த சூட்கேஸை என்னை இறக்கச் சொன்னாள். நான் இறக்கிய விதம் சரியில்லை என்றும் சொன்னாள்.

பயணத்துக்கு இன்னும் வாரக்கணக்கில் இருக்கிறது, ஆனால் நேற்று காலையே பெட்டியை மூடப் பார்த்தாள், மூடவில்லை. உனக்கென்று அவள் சேர்த்ததில் பாதியை எடுத்து வெளியே வைக்கலாம் என்றேன், உங்கள் புதுச் சட்டையை வேண்டுமானால் வெளியே வையுங்கள் என்றாள், அது உள்ளேயே இல்லை. பிறகு மாடிப்படியில் நின்று அண்ணி என்று அவளே கூப்பிட்டாள். உன் அத்தை இறங்கி வந்து பெட்டி மேல் உட்கார்ந்தாள், உன் அம்மா ஜிப்பை இழுத்தாள். “இன்னும் கொஞ்சம் அழுத்தி உக்காருங்க அண்ணி. இத்தனை வருஷமா என் தலை மேல உக்காந்தீங்களே, அந்த மாதிரி” என்றாள். “உன் தலைக்கு இது எவ்வளவோ மெத்துனு இருக்கு” என்றாள் அத்தை. ஜிப் மூடிக்கொண்டது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாற்காலி மேல் ஏறி எதையும் எடுக்காதே, தண்ணீர் நிறையக் குடி, மாப்பிள்ளையோடு பேசும்போது வலியை மறைத்துப் பேசாதே. விமான நிலையத்தில் கண்ணுக்கு நேராக நில், அம்பு போட்ட பலகைகளை உன் அம்மா நம்ப மாட்டாள், அவை தலைகீழாக இருப்பதாக நினைப்பாள். தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து, நீண்ட ஆயுசோடு, யாருக்கும் பயப்படாமல், முக்கியமாக என்னைப் போலப் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். பெயரைப் பதிவு செய்ய மறந்துவிடாதே.

இன்னொன்று. ஆரம்பத்தில் மூன்றாவதாக, உன் அம்மா ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று எழுதினேனே, அது தவறு. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தபோது உன் அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். “அதை அடிக்காதீங்க, இருக்கட்டும். நான் சுலபமா ஒத்துக்கிட்டேன்னு அவ நினைச்சிடப் போறா” என்றாள்.

இப்படிக்கு, அடிக்காமல் விட்ட
உன் அப்பா