வளைவில் நீட்டிய கை

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். நீங்கள் விற்கச் சொன்ன மோட்டார்சைக்கிளில் நம் மகள் நுஸ்ஹா பந்தயம் ஓடிவிட்டாள்.

நீங்கள் அங்கிருந்து அனுப்பும் காசின் இந்த மாதக் கணக்கில் ஒரு ஹெல்மட் கூடுதலாக இருக்கும். அதில் மட்டும் நான் பேரம் பேசவில்லை. உடுப்பும் கையுறையும் இரவல்தான்.

பந்தயத் திடலில் விளக்கு, சிக்னல் லைட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். சிக்னல் இல்லையென்றதும் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? ஏறாவூர் றோட்டில் நான் பழக்கியபடி, வளைவுக்கு வளைவு கையை நீட்டிக்கொண்டே ஓடினாள்! அங்கே கை நீட்டினால் வண்டி பழுது என்று அர்த்தமாம். பின்னால் வந்தவர்களெல்லாம் விலகி முந்திப் போய்விட்டார்கள்.

“ஏன் மனே கையக் காட்டின?”

“பின்னால வாறவனுக்குத் தெரியணும் எண்டு நீங்கதானே உம்மா சொன்னீங்க!”

சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் விழாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள், அல்ஹம்துலில்லாஹ்.

நேற்று ஆரையம்பதியிலிருந்து வண்டி வாங்க ஆள் வந்தார். நல்ல விலைதான் சொன்னார். “இது பந்தய வண்டி, விக்கிறதில்ல” என்று அனுப்பிவிட்டேன்.

கோபமிருந்தால் பெருநாளுக்கு வந்து காட்டுங்கள். இப்போதைக்கு, மழையில் ஓட எந்த டயர் நல்லது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பிள்ளையின் உம்மா