ஊதா வெளிச்சத்தில் ஒரு செவ்வந்தி

செப்டம்பர் 4

கண் மருத்துவர் இன்று என் மனைவியிடம் நேராகவே சொல்லிவிட்டார். "வருஷக் கடைசி வரைக்கும் நிறம் தெரியலாம். அதுக்கப்புறம் வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான்." நான் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள்தான் கேட்டாள்: "அதுக்குள்ள என் செவ்வந்தி பூத்துடுமா டாக்டர்?" அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

சமையலறைக்குப் பின்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடி அறை. செடிகளுக்காகக் கட்டியது. போன வருடம் அங்கே உட்கார்ந்துதான், சிவப்புச் செவ்வந்தியின் மகரந்தத்தைப் பஞ்சில் எடுத்து வெள்ளைப் பூவில் தடவினாள். அந்த விதைகளில் ஒன்றுதான் பிழைத்தது. என்ன நிறத்தில் பூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

செப்டம்பர் 9

செடி விளக்கு வாங்கி மாட்டினேன். சிவப்பும் நீலமும் கலந்தது; போட்டால் அறையே ஊதாவாகிவிடுகிறது. விடியுமுன் போட்டு, படுக்கப் போகும்போது அணைக்கிறேன். வெளிச்சம் கூடினால் வளர்ச்சி கூடும், வளர்ந்தால் சீக்கிரம் பூக்கும். சரியாகத்தானே இருக்கிறது?

"என்னங்க, வீட்டுக்குள்ள நாடகக் கொட்டகை போட்டுட்டீங்களா?" என்றாள்.

செப்டம்பர் 27

இலைகள் செழிப்பாக இருக்கின்றன. மொட்டு இல்லை.

அக்டோபர் 15

இடம் போதாமல் பின்கதவுப் படியில் வைத்திருந்த பழைய சிவப்புச் செவ்வந்தியைத் தற்செயலாகப் பார்த்தேன். நான் சரியாகத் தண்ணீர்கூட ஊற்றாத செடி. நுனியெல்லாம் மொட்டு.

உள்ளே வந்து அலமாரியிலிருந்த தோட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். செவ்வந்தி மொட்டு விடுவதற்கு நீண்ட இரவு வேண்டுமாம். இருட்டு குறைந்தால் இலை விட்டுக்கொண்டே இருக்குமாம். அப்படியென்றால் இத்தனை நாளும் பூக்க விடாமல் தடுத்தது நான்தான். சும்மா இருந்திருந்தாலே போதும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டிருக்கலாம். சிரித்தாள். "அதையும் தூங்க விடலையா நீங்க? கல்யாணமான புதுசுல, கதவு பூட்டினேனா பூட்டினேனான்னு என்னையும் எழுப்பி எழுப்பிக் கேப்பீங்க."

இனி விளக்கு காலையிலிருந்து பிற்பகல் வரை மட்டும். சாயங்காலமானால் செடியைக் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும்.

நவம்பர் 10

மொட்டு. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "மொளகு மாதிரிதான் இருக்கு. அவசரப்படுத்தாதீங்க."

நவம்பர் 29

என் சட்டை என்ன நிறம் என்று கேட்டாள். பச்சை என்றேன். "எனக்கு எல்லாமே துவைச்சு துவைச்சு வெளுத்த மாதிரி இருக்குங்க." மருத்துவர் சொன்ன கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மொட்டு மூடியே இருக்கிறது.

டிசம்பர் 7

அவளுக்கு நிறம் தெரியாமல் போய்விட்டது. என்னிடம் சொல்லவில்லை. பழக்கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 13

பூத்துவிட்டது. இன்னும் விடியவில்லை. விளக்கைப் போட்டுத் துணியை விலக்கினேன் — ஊதா. நல்ல ஊதா. வாசல்படி தடுக்கியும் நிற்காமல் ஓடிப்போய்ச் சொன்னேன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊதாவா? நெஜமாவா? எங்க அம்மா வீட்டுல ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்துச்சு, அந்த ஊதாவா?" ஆமாம் என்றேன்.

அதே நாள், முற்பகல்

மேகம் கலைந்து வெயில் வந்ததும் விளக்கை அணைத்தேன். பூ வெள்ளை. சுத்த வெள்ளை. அந்த விளக்கில் வெள்ளைச் சுவர்கூட ஊதாவாகத்தான் தெரியும் — இது எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நிறம் பார்த்தவன். இரண்டு முறை பார்க்காமல் ஒரு முடிவும் எழுதியதில்லை. இன்றைக்குப் போய் ஓடினேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் படுக்கையறைக்குப் போனேன். மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "உங்கப்பா கத்தின கத்துல நான் பயந்தே போயிட்டேன்டி. ஊதாவாம். நீயும் வந்து பாரு." அவ்வளவு உரக்க அவள் பேசி எத்தனையோ நாளாயிற்று. திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 16

"செவப்பும் வெள்ளையும் சேந்தா ஊதா எப்படிங்க வரும்? நீங்கதான் படிச்சவராச்சே."

"வரும்" என்றேன். வேறென்ன சொல்வது? நாளைக்குச் சொல்லலாமா? நேற்றும் இதையேதான் நினைத்தேன்.

டிசம்பர் 20

இருட்டும் நேரத்தில் மகள் வந்தாள். வாசல் கதவைத் திறப்பதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிட்டேன். நேரே கண்ணாடி அறைக்குப் போய்ப் பூவைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அதுவும் ஊதா. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. "என்னடி, சத்தத்தையே காணோம்?"

"ஊதாதாம்மா" என்றாள் மகள். "அப்பா சொன்ன மாதிரியே."

பூத்த செடிக்கு இனி இந்த விளக்கு தேவையில்லை. மகள் போன பிறகும் நான் அதை அணைக்கவில்லை.